நாற்றம்

1

ரசனை என்பது பெயர்கள் தெரிந்திருப்பதல்ல. கவிதை சம்பந்தமாகவும் நாவல் சம்பந்தமாகவும் இது நம்மிடையே பலமுறை சொல்லப்பட்டாகிவிட்டது. இப்போது பீர் சம்பந்தமாகவும் சொல்லவேண்டிய அவசியம் நேர்ந்திருக்கிறது. விஷயம் குடி என்பதால் சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். எழுத்தாளர்கள் கூடும் இடங்களில் மேஜைமீது என்ன இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எழுதும்போது மட்டும் அது அங்கே இல்லை என்று பாவனை செய்வதில் எனக்கு விருப்பமில்லை.

பெங்களூரிலிருந்தும் புனேயிலிருந்தும் விடுமுறைக்கு ஊர்ப்பக்கம் வருகிற இலக்கிய நண்பர்களிடம் சில வருஷங்களாக ஒரு புதிய பாஷையைக் கேட்கிறேன். பெல்ஜியம் பாணி கோதுமை பீர், ட்ரிப்பெல், சைசோன், லாம்பிக், ஐ.பி.ஏ. என்று பெயர்கள் உதிர்கின்றன. நாக்கை விசாலப்படுத்திக்கொள்ள வேண்டும் என்கிறார்கள். விடுதியிலேயே பீர் காய்ச்சித் தரும் சிறு ஆலைகள் 2008, 2009 வாக்கில் குர்காவ்னிலும் புனேயிலும் தொடங்கின. சில வருஷங்களில் பெங்களூரு அதற்குத் தலைநகரமாகிவிட்டது. நானும் அங்கே போய்க் குடித்திருக்கிறேன். நன்றாகக் காய்ச்சப்பட்ட பீர், நன்றாக எழுதப்பட்ட வாக்கியத்தைப்போல, ஒரு நேர்மையான பொருள். அதில் எனக்கு விரோதம் எதுவும் இல்லை.

விரோதம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நண்பர் லாம்பிக் பீரை வர்ணித்தார். குதிரைத் தொழுவத்தின் வாசம், நனைந்த கம்பளியின் வாசம், பூட்டிக் கிடந்த நிலவறையின் வாசம் என்று அடுக்கி, ஆஹா என்றார். பேச்சு பனங்கள்ளுக்குத் திரும்பியது. 'ஐயோ, அது நாறுமே' என்றார். இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அரை நிமிஷம்கூட இல்லை. தன் வாயிலிருந்து என்ன வந்தது என்ற பிரக்ஞையும் அவருக்கு இல்லை.

நாற்றம் என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் வாசம் என்றுதான் அர்த்தம். பூவின் மணமும் நாற்றமே. பின்னால் அது கெட்ட வாடைக்கு மட்டும் என்று சுருங்கிப்போயிற்று. ஒரு சொல் இப்படிக் கீழே இறங்குவது மொழியியலாளர்களின் விவகாரம். ஆனால் ஒரே ஜாதி வாடை பிரஸ்ஸல்ஸில் மணமாகவும் வேம்பாரில் நாற்றமாகவும் ஆவது மொழியியல் விவகாரம் அல்ல. அது என்ன விவகாரம் என்று பார்ப்பதுதான் இந்தக் கட்டுரையின் வேலை.

2

லாம்பிக் என்பது என்ன? பிரஸ்ஸல்ஸ் நகரத்துக்கும் அதன் பக்கத்துக் கிராமங்களுக்கும் உரிய பீர். வாற்கோதுமை முளையையும் முளைகட்டாத கோதுமையையும் வெந்நீரில் ஊறவைத்து, வடித்த சாற்றை ஹாப்ஸ் பூவோடு கொதிக்கவைத்து, ஆழமில்லாத அகன்ற தொட்டியில் ஊற்றி, இரவு முழுதும் திறந்தே போட்டுவிடுகிறார்கள். ஈஸ்ட் என்று தனியாக எதையும் சேர்ப்பதில்லை. காற்றில் இருப்பவை, பீப்பாயின் மர இடுக்குகளில் குடியிருப்பவை எல்லாம் தாமாகவே வந்து வேலையைத் தொடங்குகின்றன. வெயில் காலத்தில் வேண்டாத கிருமிகள் மிகுந்துவிடும் என்பதால் அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரையில்தான் காய்ச்சுவது வழக்கம். அப்புறம் பீப்பாயில் ஒரு வருஷம், இரண்டு வருஷம், மூன்று வருஷம். இந்த வெவ்வேறு வயதுகளைக் கலந்து புட்டியில் அடைத்தால் அதற்குக் கூஸ் என்று பெயர்.

அந்தத் தொழுவ வாசத்துக்குக் காரணம் பிரெட்டனோமைசிஸ் என்ற ஈஸ்ட். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில் கிளாசென் என்பவர் அதை ஆங்கிலேய பீர்களிலிருந்து பிரித்தெடுத்து, பிரிட்டிஷ் பூஞ்சை என்று பொருள்படும் பெயரைக் கொடுத்து 1904இல் அறிவித்தார். உலகத்தின் மற்ற பீர் ஆலைகளுக்கு அது தொற்று. வந்துவிட்டால் பீப்பாயைக் கழுவிக் கொட்டவேண்டும். பெல்ஜியத்தில் ஆர்வால் மடத்து ஆலையில் புட்டியில் அடைக்கும்போது அதைத் தாங்களாகவே சேர்க்கிறார்கள். புட்டியை வைத்திருந்தால் மாதத்துக்கு மாதம் ருசி மாறுகிறது. ஓர் இடத்தில் கேடு என்று ஒதுக்கப்படுவது இன்னோர் இடத்தில் குணம் என்று வளர்க்கப்படுகிறது. நாக்குக்கு ஜன்மத்தோடு வந்த சட்டம் என்று எதுவும் கிடையாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டியதில்லை.

கள் என்பது என்ன? பனையின் பாளையைக் கட்டி, பதமாக நசுக்கி, நுனியைச் சீவிக் கலயம் கட்டுகிறார்கள். காலையில் ஒரு தடவை, மாலையில் ஒரு தடவை ஏறிச் சீவவேண்டும். கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் இறங்குவது பதநீர். தடவாமல் விட்டால் கள். முந்தின நாள் கலயத்தின் மண் துளைகளில் தங்கியிருப்பது, பாளையில் இருப்பது, காற்றில் வருவது எல்லாம் சொட்டு விழ விழவே வேலையைத் தொடங்கிவிடுகின்றன. ஈஸ்ட் இருக்கிறது, தயிரைப் புளிக்கவைக்கும் இனத்து பாக்டீரியா இருக்கிறது, மெக்ஸிகோக்காரர்கள் கற்றாழை இனத்துச் செடியின் சாற்றில் இறக்கும் புல்கே என்ற கள்ளில் இருக்கும் ஸைமோமோனாஸ் என்ற பாக்டீரியாவும் இருக்கிறது. சில மணி நேரத்தில் நாலைந்து சதவீதம் ஆல்கஹால் ஏறிவிடும். மறுநாள் புளித்துவிடும். அப்புறம் அது காடி.

ஆக, இரண்டும் ஒரே காரியம். யாரும் விதை போடாமல் காற்றும் பாத்திரமும் விதை போடுகிற நொதிப்பு. லாம்பிக் மூன்று வருஷத்தில் நடந்துவருகிற தூரத்தைக் கள் அரை நாளில் ஓடிவிடுகிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். காலையில் இறக்கியதும் இளநீர்போல இனிப்பு, முற்பகலில் இனிப்பும் புளிப்பும் சரிக்குச் சரி, பிற்பகலில் புளிப்பு மேலேறி ஒரு துவர்ப்பு தெரியும், அந்தியில் வேறு. அலகுப்பனைக் கள்ளையும் பருவப்பனைக் கள்ளையும் ஒரு மிடறில் பிரித்துச் சொன்ன ஆட்கள் கரிசல் பக்கத்திலேயே இருந்தார்கள். எந்த மரத்தடியில் எந்த நேரத்துக்கு நிற்பது என்பது அவர்களுக்கு ஒரு கல்வி. இதை நண்பர்களின் புதிய பாஷையில் சொன்னால் கூஸ் கலப்பவனின் கல்வி.

கள்ளைப் புட்டியில் அடைத்துக் கப்பல் ஏற்ற முடியாது. லேபிள் ஒட்ட முடியாது. இது அதன் மேன்மையும் கூட, துரதிர்ஷ்டமும் கூட. பெல்ஜியத்தின் பீர்ப் பண்பாட்டை 2016இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகச் சேர்த்தது. நமது கள் 1987ஆம் வருஷம் ஜனவரி 1 முதல் குற்றம்.

3

கசப்புக்கு வருவோம். ஹாப்ஸ் மிகுந்த பீரைப் பழகினால்தான் கசப்பை ரசிக்கும் முதிர்ச்சி வரும் என்பது நண்பர்களின் இரண்டாவது வேதவாக்கு.

நான் நாகலாபுரத்துக்காரன். ஐப்பசி மழைக்குப் பின்னால் எங்கள் கரிசல் காட்டில் யாரும் விதைக்காமல் அதலக்காய் படர்கிறது. பாகற்காயின் ஒன்றுவிட்ட தம்பி. விரல் கணு அளவுதான் இருக்கும். அதை வதக்கித் தின்றுதான் இங்கே பிள்ளைகள் வளர்கிறார்கள். மிதுக்கு வத்தல், சுண்டை வத்தல், சித்திரையில் வேப்பம்பூ. ஆறு சுவைகளைக் கணக்குப் போட்டுவைத்த மொழியில் கைப்புக்கு ஒரு நிரந்தரமான இடம் இருக்கிறது. குழம்பில் கசப்பை ஏற்றுக்கொள்கிற நாக்குக்குக் கோப்பையில் கசப்பைக் கற்றுக்கொடுக்க கலிபோர்னியாவிலிருந்து ஆள் வரவேண்டியதில்லை.

ஆனால் கவனிக்கவேண்டும், எல்லாக் கசப்பும் ஒன்றல்ல. அதலக்காயின் கசப்பு வாயில் போட்டதும் முன்னால் வந்து நின்று, புளியும் உப்பும் பட்டால் சட்டென்று அடங்கிவிடும். வறுத்த வேப்பம்பூவின் கசப்பு மெதுவாகப் பின்னால் வரும்; ஒரு கருகல் வாசமும் கூட வரும். ஹாப்ஸின் கசப்பு அதன் பிசினில் இருக்கிற ஆல்ஃபா அமிலங்கள் கொதியில் உருமாறுவதால் வருவது. விழுங்கின பிறகே தொண்டைக்குழியில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். கொதியின் தொடக்கத்தில் போட்ட பூ கசப்பைத் தரும், வாசத்தை ஆவியோடு விட்டுவிடும். கடைசியில் போட்டதும் ஆறின பிறகு போட்டதும் வாசத்தைத் தரும், கசப்பு அதிகம் சேராது. நம் வீட்டில் பெருங்காயத்தையும் கொத்தமல்லித் தழையையும் எப்போது போடுவது என்று அறிந்தவர்களுக்கு இது புரியாத சாஸ்திரம் அல்ல. நாக்கை விசாலப்படுத்துவது என்றால் இந்த மூன்று கசப்புகளையும் அடுத்தடுத்து வைத்து வித்தியாசம் சொல்வது. கசப்பு அலகு எழுபதா தொண்ணூறா என்று எண்ணைப் பார்த்துப் பெருமைப்படுவது அல்ல. ஓர் அளவுக்குமேல் நாக்குக்கு வித்தியாசமே தெரியாது. எண் மட்டும் ஏறிக்கொண்டே போகும். அது வேறொரு வகை போதை.

ஐ.பி.ஏ. என்ற பெயரிலேயே இந்தியா உட்கார்ந்திருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் ஆலையிலிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்களில் இங்கே வந்து இறங்கிய பீர் அது. கடல் பயணத்தைத் தாங்குவதற்கென்றே ஒரு மேதை அதைக் கண்டுபிடித்தார் என்று விடுதிகளின் சாப்பாட்டு அட்டையில் அச்சடித்திருக்கிறார்கள். கட்டுக்கதை. ஹாப்ஸ் மிகுந்த வெளிர் பீர் இங்கிலாந்தில் அதற்கு முன்பே இருந்தது. கறுப்பு பீரும் அதே கப்பல்களில் வந்து சேதமில்லாமல் இறங்கியது. வந்த பீரை இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் குடித்தார்கள். இந்தியா என்பது அந்தப் பெயரில் ஒரு துறைமுகம், நாக்கு அல்ல. இப்போது நம்மவர் அதைக் குடித்துவிட்டுத் தாய்வீட்டுக்குத் திரும்பிவந்ததுபோல் நெகிழ்வது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது.

நிஜமான தாய்வீட்டுச் சம்பந்தம் ஒன்று இருக்கிறது. அது இவர்கள் கண்ணில் படவில்லை. பெல்ஜியம் கோதுமை பீரில் சேர்க்கிற வாசனைப் பொருள்கள் இரண்டு: கசப்பு ஆரஞ்சின் காய்ந்த தோல், இடித்த மல்லி. ஆம், மல்லிதான். நாகலாபுரம், புதூர், விளாத்திகுளம் பக்கத்தில் மானாவாரியாக விதைத்துத் தை மாசியில் களத்தில் அடிக்கிற அதே மல்லி. மல்லி விதையின் எண்ணெயில் பெரும்பகுதி லினலூல் என்ற பொருள். ஹாப்ஸ் பூவின் மலர் வாசத்துக்கு முக்கியக் காரணங்களில் ஒன்றும் அதே லினலூல். ஐரோப்பிய மல்லி சிறிதாக உருண்டையாக இருக்கும், எண்ணெய் அதிகம். நம் மல்லி சற்று நீண்டது, எண்ணெய் குறைவு. வீட்டில் பீர் காய்ச்சுகிற அமெரிக்கர்களில் சிலர் இந்த பீருக்கு இந்திய மல்லியே உகந்தது, எலுமிச்சை வாசம் அதில்தான் இருக்கிறது என்று அதைத் தேடி வாங்குகிறார்கள்.

2015இல் பீரா என்று ஓர் இந்திய பீர் வந்தது. முதலில் பெல்ஜியத்திலேயே காய்ச்சி இங்கே இறக்குமதி செய்தார்கள். அதன் கோதுமை பீரிலும் மல்லி உண்டு. நம் நண்பர்கள் அதைக் குடித்து 'மெல்லிய மசாலா வாசம்' என்றார்கள். மல்லி என்று சொல்லியிருக்கலாம். மாசி மாதத்தில் களத்துமேட்டில் நின்றவனுக்கு அது மூக்கில் ஏறியதும் பெயர் வந்துவிடும். நார்த்தங்காயைச் சுருளாக அரிந்து உப்பில் போட்ட கைக்கு ஆரஞ்சுத் தோலின் கசப்பும் தெரிந்துவிடும். ஆனால் அந்தக் கையையும் மூக்கையும் யாரும் அபிப்பிராயம் கேட்பதில்லை. அறிவுள்ள மூக்கு ஒரு பக்கம், சொற்கள் உள்ள வாய் ஒரு பக்கம் என்று நம் சூழல் பிரிந்து கிடக்கிறது.

இது இலக்கியத்தில் நமக்குப் பழக்கமான வியாதிதான். இறக்குமதியான விமர்சனப் பெயர்களை அட்டையில் ஒட்டிக்கொண்டு, எதிரில் இருக்கிற கவிதையில் எந்த வரி உயிரோடு இருக்கிறது, எது செத்திருக்கிறது என்று சொல்லத் தெரியாதவர்களை நாம் அறிவோம். பெயர்கள் குற்றமல்ல. பெயர் வந்ததும் ருசித்தாகிவிட்டது என்று நினைப்பதுதான் குற்றம்.

4

நாக்கு இப்படி மழுங்கியதற்கு நண்பர்களை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. ஓர் அரசு ஸ்தாபனம் மிகுந்த சிரத்தையோடு இந்தக் காரியத்தைச் செய்துவந்திருக்கிறது.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948க்குள் மாகாணம் முழுதும் வந்துவிட்டது. 1971இல் அது நீக்கப்பட்டது, 1973, 74இல் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மறுபடி மூடப்பட்டன, 1981இல் திறந்தன, 1987 பிறந்தபோது மீண்டும் மூடின. நடுவே 1983இல் டாஸ்மாக் என்ற நிறுவனம் மொத்த வியாபாரத்துக்காக உண்டாயிற்று. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போயிற்று.

இந்தக் கடைகளில் பிரதானமாக விற்பதன் சட்டப் பெயர் 'இந்தியாவில் தயாரான அயல்நாட்டு மதுபானம்'. இந்தச் சொற்றொடரின் அபத்தத்தை எந்தப் புதுக்கவிதையும் எட்டியதில்லை. பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப் பாகிலிருந்து வடித்த ஆல்கஹால் அது. எக்ஸ்ட்ரா நியூட்ரல் என்று அதற்குப் பெயர். அதாவது ருசியும் மணமும் அறவே நீக்கப்பட்டது. அப்படி நீக்கிய பிறகு நிறமும் எசென்ஸும் சேர்த்து ஒரு புட்டிக்குப் பிராந்தி என்றும் இன்னொன்றுக்கு ரம் என்றும் பெயரிடுகிறார்கள். திராட்சையைப் பார்த்திராத பிராந்தி. பக்கத்தில் இருக்கிற பீரும் கடும் பீர். பல்லைக் கூசவைக்கிற குளிரில் கொடுப்பார்கள், ஏனென்றால் குளிர் நாக்கை மரக்கச்செய்யும். ருசியை நீக்கிய பானத்தை ருசி தெரியாத குளிரில், நின்றுகொண்டு, அவசரமாக, அவமானத்தோடு குடித்து முடிப்பது. இரண்டு தலைமுறைகளுக்கு இதுதான் குடி என்று கற்பித்தாகிவிட்டது. பெங்களூருக்குப் போன நாக்கும் இந்தப் பள்ளியில் படித்த நாக்குதான்.

குடியால் குடும்பங்கள் அழிகிற நாட்டில் ருசியைப் பற்றிப் பேசுகிறாயே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. என் தெருவிலும் அப்படி அழிந்த வீடுகள் உண்டு. அந்த வீட்டுப் பெண்களிடம் போய் லினலூல் பற்றி நான் பேசமாட்டேன். ஆனால் தடை எதைத் தடுத்தது என்றும் பார்க்கவேண்டும். ஒளித்து எடுத்துப்போக வேண்டும் என்றால் நாலு சதவீதச் சரக்கை யாரும் தூக்கமாட்டார்கள், செறிவானதைத்தான் தூக்குவார்கள். தடை எப்போதும் பலவீனமான குடியைக் கொன்று பலமான குடியைப் பிழைக்கவைக்கிறது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மெத்தனால் கலந்த சாராயத்தில் செத்தார்கள். நாக்கு தெரிந்திருந்தால் பிழைத்திருப்பார்கள் என்று சொல்லமாட்டேன். மெத்தனாலை நாக்கு கண்டுபிடிக்காது. கள் கிடைத்திருந்தால் அந்தப் பாக்கெட்டைத் தேடிப் போயிருப்பார்களா என்று மட்டும் கேட்கிறேன்.

5

இந்த இடத்தில் எனக்குக் கைதட்ட ஒரு கூட்டம் தயாராக இருப்பது தெரிகிறது. அவர்களிடம் எனக்கு நண்பர்களிடம் இருப்பதைவிடக் குறைவான பொறுமையே இருக்கிறது.

'கள் தமிழனின் உணவு, பீர் அந்நியனின் கழிவு' என்று மேடையில் பேசுகிறவர்கள். 2025 ஜூனில் திருச்செந்தூருக்குத் தெற்கே பெரியதாழையில் ஒரு கட்சித் தலைவர் பனையேறிக் கள் இறக்கிப் போராட்டம் நடத்தினார். தடையை எதிர்ப்பதில் எனக்கும் சம்மதம். ஆனால் அந்த மேடைகளில் கள் ஒரு கொடி. எந்தக் கொடியும் ருசிப்பதற்கானதல்ல. சங்கப் பாட்டில் நறவும் தேறலும் வருகின்றன என்று பட்டியல் போடுகிறவர்கள், பெரும்பாணாற்றுப்படையில் அரிசிக் கூழை ஆறவைத்து, முளை நெல்லின் மாவைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் வைத்திருந்து பிழிகிற பகுதியைச் சற்று நிதானமாகப் படிக்கவேண்டும். தானியத்தை முளைகட்டி அதன் பலத்தால் மாவை இனிப்பாக்கிப் புளிக்கவைப்பது என்றால் அது பீர். பீர் அந்நியம் என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது. கள் சுத்தம் என்ற வாதமும் நிற்காது. தெலங்கானாவில் மயக்க மருந்து கலந்த கள்ளைக் குடித்து மக்கள் ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்கள். நல்ல கள்ளும் உண்டு, கெட்ட கள்ளும் உண்டு. எது என்று சொல்லத் தெரியாத பக்தி, லாம்பிக் பக்திக்கு எந்த விதத்திலும் உயர்ந்ததல்ல.

இரண்டு கூட்டமும் சேர்ந்து மறைக்கிற ஆள் ஒருவர் இருக்கிறார். பனையேறி. கள் நாறுகிறது என்று சொல்லும்போது அந்த வாடை கள்ளைக் குறித்ததல்ல, ஏறினவரைக் குறித்தது. 1849இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதி வெளியிட்ட சிறு நூல் அந்தச் சமூகத்தைப் புண்படுத்தியது. அந்தப் புண் அரை நூற்றாண்டு ஆறவில்லை. பின்னால் படித்தும் கடைவைத்தும் மேலே வந்தவர்கள் மரமேறுவதைக் கைவிடச்சொல்லித் தங்கள் சங்கங்கள் மூலம் பிரசாரம் செய்தார்கள். அதைக் குறைசொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. தினம் இரண்டு தடவை ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கி, நெஞ்சு காய்த்து, தவறினால் முதுகெலும்போடு முடிகிற வேலை அது. அந்த வேலையை இழிவாக்கியவர்கள் வேறு. அந்த இழிவிலிருந்து தப்பி ஓடியவர்கள் வேறு.

பீர் காய்ச்சுகிறவன் பெங்களூரில் கலைஞன். அவன் படம் சுவரில் தொங்குகிறது. எந்த ஹாப்ஸை எந்த நிமிஷத்தில் போட்டான் என்று பேட்டி எடுக்கிறார்கள். பாளையை எந்த அளவுக்கு நசுக்கவேண்டும், எத்தனை மெல்லிசாகச் சீவவேண்டும், ஒரு கீற்று ஆழமாகப் போனால் பாளை என்ன ஆகும் என்று தெரிந்தவரை எவரும் பேட்டி எடுத்ததில்லை. அவர்மீது வழக்குப் போடுகிறார்கள். பிரஸ்ஸல்ஸில் மணமும் வேம்பாரில் நாற்றமும் ஆவது என்ன விவகாரம் என்று ஆரம்பத்தில் கேட்டேன். இதுதான். மூக்கு ஜாதி பார்க்கிறது. பார்த்துவிட்டு, அதை ரசனை என்று சொல்லிக்கொள்கிறது.

6

பெல்ஜியத்திலிருந்து கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஆனால் அது லேபிளில் இல்லை.

இன்று உலகம் முழுதும் குடிக்கிற கோதுமை பீர் ஒரு காலத்தில் செத்துப்போன சரக்கு. ஹூகார்டன் என்ற ஊரில் அதைக் காய்ச்சிய கடைசி ஆலையும் 1950களின் பிற்பகுதியில் மூடிவிட்டது. வெளிர் லாகர் பீர் வந்து எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விட்டது. கலங்கலும் புளிப்புமாக இருந்த கிராமத்துச் சரக்கு யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. அதை நாட்டுப்புறத்து நாற்றம் என்று சொன்னவர்கள் அங்கேயும் இருந்திருப்பார்கள். பியேர் செலிஸ் என்று அந்த ஊரில் ஒரு பால்காரர். சின்ன வயசில் பக்கத்து ஆலையில் கூடமாட வேலை செய்தவர். 1960களின் நடுவில் அவர் அதை மறுபடி காய்ச்சினார். நாக்கில் இருந்த ஞாபகம்தான் அவருக்கு மூலதனம். ஊரில் அவரைப்போலவே ருசியை மறக்காதவர்களும் இருந்தார்கள். இல்லையென்றால் அவர் காய்ச்சியது சரியா தப்பா என்று சொல்ல ஆளிருந்திருக்காது. 1985இல் ஆலை தீப்பிடித்தது, பெரிய கம்பெனி உள்ளே வந்தது, பின்னால் அது முழுதும் கம்பெனியின் சொத்தாயிற்று. 2005இல் கம்பெனி உற்பத்தியை வேறு ஊருக்கு மாற்றப்போவதாக அறிவித்து, எதிர்ப்புக்கும் அவஸ்தைக்கும் பிறகு 2007இல் ஹூகார்டனுக்கே திரும்பியது. கம்பெனிகளும் சில சமயம் நாக்குக்குப் பயப்படும், நாக்கு என்று ஒன்று இருந்தால்.

அங்கே பழைய ஆலை மூடியதற்கும் பால்காரர் அடுப்பு மூட்டியதற்கும் இடையில் பத்து வருஷம்கூட இல்லை. நமக்கு 1987இலிருந்து எண்ணுங்கள். கடைசியாகத் திறந்திருந்த கள்ளுக்கடையில் இருபது வயசில் குடித்தவருக்கு இன்று அறுபதுக்குக் குறையாது. அந்தியையும் காலையையும், அலகையும் பருவத்தையும் பிரித்தறிந்த நாக்குகள் இந்தக் கரிசலில் இன்னும் பதினைந்து இருபது வருஷத்துக்குத்தான் உயிரோடிருக்கும். அப்புறம் சட்டம் மாறி, கடை திறந்து, மரமேற ஆளும் கிடைத்து, கலயத்தில் ஏதோ ஒன்று இறங்கினாலும், இதுதானா அது என்று சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார். அப்போது அதைப் புட்டியில் அடைத்து, எசென்ஸ் சேர்த்து, தமிழ்ப் பெயரிட்டு விற்பார்கள். கொடி பிடித்தவர்கள் வாங்குவார்கள். பெங்களூரு நண்பர்களும் வாங்கி, 'இயற்கையான நொதிப்பின் வாசம்' என்று வர்ணிப்பார்கள்.

அதற்கு முன்னால் செய்யக்கூடியது சின்ன விஷயம்தான். கேரளத்துக்குப் போகிறவர்கள் அங்கே கள்ளுக்கடையில் உட்கார்ந்து காலையில் ஒரு கோப்பை, மாலையில் ஒரு கோப்பை குடித்துப்பார்க்கலாம். பெங்களூருக்குப் போகிறவர்கள் பெல்ஜியம் பீரையும் கசப்பு பீரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, மென்மையானதில் தொடங்கிக் கடுமையானதற்குப் போகலாம். குளிர் சற்று அடங்கும் வரை பொறுத்து, மூக்கைக் கிட்டே கொண்டுபோய், சாப்பாட்டு அட்டையில் இருக்கிற வர்ணனையைப் படிக்காமல், தங்கள் வீட்டுச் சொல்லில் சொல்லிப்பார்க்கலாம். மல்லி, நார்த்தங்காய்த் தோல், கிராம்பு, கனிந்த வாழைப்பழம், பச்சை மாங்காய், அதலக்காய், நேற்றைய நீராகாரம், மழையில் நனைந்த மாட்டுத் தொழுவம். ஒரு சொல்லும் வரவில்லையென்றால் இன்னும் ருசிக்கவில்லை என்று அர்த்தம். ஊரில் அறுபது தாண்டிய அண்ணாச்சி யாராவது இருந்தால் அவரிடம் உட்கார்ந்து, எந்த மரத்துக் கள் எப்படி இருந்தது என்று கேட்டு எழுதிவைத்துக்கொள்ளலாம். கவிதை பற்றிய கட்டுரைகளைவிட அது பத்திரிகைக்கு உபயோகமாக இருக்கும்.

நண்பரிடம் எனக்கு ஒரு கோரிக்கைதான். ஒன்று, லாம்பிக் நாறுகிறது என்று சொல்லுங்கள். அல்லது, கள் மணக்கிறது என்று சொல்லுங்கள். எதுவானாலும் எனக்குச் சம்மதம்.